இருவர்க்கு ஒரு கல்வீடு

மத்திய அரசின் எழுத்தர்களாகிய எம்மனோர்க்குப் பயணம் என்பது விடுப்புப் பயணச் சலுகையோடு தொடங்கி அதனோடு முடிவது. நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை ஊருக்கு, ஒருமுறை இந்தியாவின் வேறொரு மூலைக்கு. கடல் கடக்க அதில் இடமில்லை. ஆதலால், பர்மிங்காமில் மருத்துவராயிருக்கும் மைத்துனர் பயணச் சீட்டு அனுப்பி அழைத்தபோது, அலுவலக அனுமதி பெறவே எங்களுக்கு இரண்டு திங்கள் ஆயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தகைய கடிதங்களைத் தட்டச்சு செய்வோரும் நாமேயன்றோ!

அங்குச் சென்றபின் அவர் செய்த ஏற்பாடுதான் எங்களைத் திகைக்க வைத்தது. எங்கள் மணவாழ்வின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, பிள்ளைகளைத் தம்மிடம் இருத்திக்கொண்டு, வேல்ஸ் நாட்டுப் போர்த்மாடொக் துறைமுக நகருக்கு அருகே இருவர் மட்டும் தங்கத்தக்க ஒரு சிறு வீட்டை மூன்று நாளுக்கு எடுத்துத் தந்துவிட்டார். இருவர் மட்டும்! தில்லி ராமகிருஷ்ணபுரத்து இரண்டறைக் குடியிருப்பில் பெற்றோர், மக்கள், தேர்வெழுத வந்த உறவினர் என்று வாழ்ந்த எங்களுக்கு, இருவராக மட்டும் ஒரு கூரையின்கீழ் இருந்த நாட்களை எண்ண ஒரு கை விரல்களே மிகுதி.

வீடு போர்த்-அ-கெஸ்ட் என்னும் சிறு வளைகுடாவின் கரையில் இருந்தது. முன்பு மரக்கலங்கள் கட்டிய ஊர் அது. ஒரு முழத்துக்கு மேல் தடித்த கற்சுவர், குனிந்து நுழையும் வாயில், விறகு அடுப்பு, மேசைமீது, தேநீரில் ஊறிய உலர்திராட்சை இட்டுச் சுட்ட 'பாரா ப்ரித்' என்னும் ரொட்டி. மே மாதத்திலும் அடுப்பை மூட்டிக்கொண்டு அமர்ந்தோம். சொல்ல நாணமாயிருக்கிறது: முதல் நாள் மாலை எங்களுக்குப் பேச ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகளின் கல்விக் கட்டணம், அம்மாவின் மருந்து, பால் கணக்கு ஆகியவற்றைக் கழித்துவிட்டால் எங்களிடம் எஞ்சிய சொற்கள் அவ்வளவே. ஒன்பது மணி வரை வெளிச்சம் வேறு. கடல் உள்வாங்கி, படகுகள் மணலில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் துறைமுகத்துக்கு நடந்தோம். அதன் வரலாறு விந்தையானது. வில்லியம் மேடாக்ஸ் என்பவர் நிலம் மீட்பதற்காகக் கழிமுகத்தின் குறுக்கே சுமார் ஒரு மைல் நீளக் கரை ஒன்றை எழுப்பி 1811-இல் முடித்தார். கரையால் போக்கு மாறிய ஆற்றுநீர் ஓரிடத்தை அரித்து ஆழமாக்க, அதுவே துறைமுகமாயிற்று. மலைமேல் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கொணர 1836-இல் இரும்புப்பாதை அமைந்தது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டடிக்கும் சற்றுக் குறைவு. கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமே உருண்டு இறங்கும்; வெறும் வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் குதிரைகள், இறங்கும்போது தமக்கென ஒரு பெட்டியில் ஏறிப் பயணம் செய்யும்! இன்று அதே பாதையில் நீராவி வண்டி உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. நாங்களும் சென்றோம். அன்று என் துணைவியார் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் குதிரைகளின் கதைக்குத்தான்.

நாம் பள்ளியில் எழுதிப் பழகிய அதே சிலேட்டுதான் அங்கே கூரை. 1873-இல் மட்டும் அத்துறைமுகத்திலிருந்து ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கப்பலேறிற்றாம். கூரைக்கல்லின் அளவுகளுக்கு அரசி, கோமகள், சீமாட்டி என்று பெயர்கள். பதவிப் படிநிலை நம் அலுவலகங்களோடு நிற்பதில்லை போலும்.

வீட்டுக்கு உரியவர் அடுத்த வாசலில் வசிக்கும் எழுபது வயது அம்மையார். வேல்ஸ் மொழியில் 'டீ' என்றால் வீடு, 'பாஹ்' என்றால் சிறிய என்று வழிகாட்டி நூலில் படித்திருந்தோம். "உங்கள் 'டீ பாஹ்' மிக அழகு" என்று பெருமையோடு சொன்னோம். அம்மையார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவ்விரு சொற்களும் சேர்ந்தால் அங்கே கழிப்பறையாம்!

சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னது வேறு. அவருடைய தாயார் பிறந்த வீடு அது. மகனுக்கு ஊரில் வீடு வாங்க இயலவில்லை, கார்டிஃபில் இருக்கிறான். கோடைக்கு மட்டும் வருவோர் கொடுக்கும் விலைக்கு உள்ளூர்ச் சம்பளம் ஈடாகாது. பனிக்காலத்தில் அத்தெருவில் விளக்கெரியும் சன்னல்கள் சில என்றார்; அவர் மொழியில் பேச அண்டை வீட்டில் ஆளில்லை. இந்தச் சினம் புதிதன்று. 1979 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் வேல்ஸில் இத்தகைய விடுமுறை வீடுகள் பல தீக்கிரையாயின. அப்பகுதியை ஆளும் க்வினெத் மன்றம் 2023-இல் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் நூற்றைம்பது விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. மறு ஆண்டில், குடியிருக்கும் வீட்டை விடுமுறை வீடாக்க அனுமதி பெறவேண்டும் என்ற விதியையும் கொணர்ந்தது.

"அப்படியானால் இதை ஏன் வாடகைக்கு விடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். கேட்டபின் வருந்தினோம். "விற்காமல் வைத்திருக்க" என்றார் அவர்.

அன்றிரவு நாங்கள் பேசினோம். நள்ளிரவு வரை பேசினோம். கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் ஊர் வீடு ஆறாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பயணிகள் விடுதியாக்க ஒருவர் விலைக்குக் கேட்கிறார். தம்பி ஒப்புக்கொண்டு தாளையும் அனுப்பிவிட்டான். அத்தொகையில் மகளின் கல்லூரிச் செலவு முழுதும் அடங்கும்.

"நாம் மட்டும் அங்கே என்ன வாழ்கிறோம்? நாமும் விருந்தாளிகளாகத்தானே போய் வருகிறோம்?" என்றார் துணைவியார். பின்னர் நெடுநேரம் கழித்து, "கூடத்து ஊஞ்சலில் யாரோ காசு கொடுத்து ஆடுவார்கள், இல்லையா?" என்றார்.

புறப்படும் காலை, விருந்தினர் ஏட்டில் தமிழில் நான்கு வரி எழுதினோம். அம்மையார் எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்து, "உங்கள் பிள்ளைகள் இதைப் படிப்பார்களா?" என்று கேட்டார். "பேசுவார்கள்" என்றோம்.

தம்பி அனுப்பிய தாள் கையொப்பமின்றி எங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15.