ஒயினுக்குள்ள மிளகு வந்த கதை

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் பெரிய குடிகாரன் எல்லாம் கிடையாது. ஒரு கிளாஸ் ஒயினை ரெண்டு மணி நேரம் வச்சு ஒப்பேத்துற ஆள். அம்மா இந்தப் பக்கம் வரமாட்டாங்கங்கற தைரியத்துலதான் இதையும் எழுதறேன் :-)

ஆஸ்திரேலியாவில் ஷிராஸ்னு சொல்றதும் பிரான்சில் சிரான்னு சொல்றதும் ஒரே திராட்சைதான். பேரை வச்சு இது பாரசீகத்து ஷிராஸ் நகரத்துல இருந்து வந்ததுன்னு ரொம்ப நாள் ஒரு கதை ஓடுச்சு. 1990களின் கடைசியில் மரபணு சோதனை பண்ணிப் பார்த்தா அப்பா, அம்மா ரெண்டுமே பிரெஞ்சுத் திராட்சை (துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ்). கதை குளோஸ்.

வெயில் கொளுத்துற பரோசா மாதிரி இடத்துல இது விளைஞ்சா ஜாம் மாதிரி, சாக்லேட் மாதிரி கெட்டியா இருக்கும். குளிர்ல விளைஞ்சா வேற பிறவி. உடம்பு மெலிஞ்சு, ஆல்கஹால் குறைஞ்சு, மிளகு வாசனை தூக்கும். நான் ஆன்சைட்ல வந்து மாட்டிக்கிட்ட கான்பரா, அந்த ரெண்டாவது ஜாதி.

எனக்கு இந்த விஷயத்துல பிடிச்சதே இதை ஆரம்பிச்ச ஆளுங்கதான். யாரும் பரம்பரை விவசாயி இல்லை. ஜான் கிர்க் இங்கே சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் விஞ்ஞானி. நீருக்குள்ள வெளிச்சம் எப்படிப் போகுது, பாசி அதை வச்சு எப்படிப் பிழைக்குதுன்னு தடிப் புத்தகம் எழுதினவர். இந்தக் குளிர்ல திராட்சை வராதுன்னு ஊரே நம்பிக்கிட்டு இருந்தப்போ, தட்பவெப்பக் கணக்கைப் பார்த்துட்டு, 1971ல் முரம்பேட்மன்ங்கற கிராமத்துப் பக்கம் நிலம் வாங்கிக் கொடி நட்டார். கடல் மட்டத்துக்கு மேல கிட்டத்தட்ட 600 மீட்டர். அயர்லாந்தில் தாத்தா வச்சிருந்த பண்ணையோட பேரையே வச்சார்: குளோனகில்லா. அதே 1971ல் ஜார்ஜ் ஏரிக்கரையில் கொடி நட்ட எட்கர் ரீக்கும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. தான், பூச்சியியல் நிபுணர். வாரம் பூரா ஆபீஸ், சனி ஞாயிறு மண்வெட்டி. வீக்கெண்ட்ல பக்கத்துல ஒரு ப்ராஜெக்ட்னு சொல்லிட்டு ரெண்டே வாரத்துல கைவிடுற நம்ம கூட்டத்துக்கு இது கொஞ்சம் குத்தும்.

ஜானோட மகன் டிம் கிர்க் 1991ல் பிரான்சின் கோட்-ரோட்டி பகுதிக்குப் போனார். அங்க கிகால் நிறுவனத்தோட ஒயினைக் குடிச்சுட்டு அசந்துட்டார். அந்த ஊர் வழக்கம் என்னன்னா, கறுப்பு சிராவோட வியோனியேங்கற வெள்ளைத் திராட்சையைக் கொஞ்சூண்டு சேர்த்து ஒண்ணாவே நொதிக்க விடுவாங்க. வெள்ளையைக் கலந்தா நிறம் வெளுக்கணும்ல? உல்டாவா நிறம் நிலைச்சு நிக்கும், வாசனையும் தூக்கலா வரும். நல்லவேளையா அப்பா 1986லயே வியோனியே நட்டு வச்சிருந்தார். 1992ல் மகன் ரெண்டையும் சேர்த்தார். ஆஸ்திரேலியாவில் பலபேர் அதுக்கப்புறம் இதே வழியில் இறங்கினாங்க.

இப்போ மிளகு. ஒயின்ல மிளகு வாசனை எங்கிருந்து வருதுன்னு 2008 வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த வருஷம்தான் அடிலெய்டுல இருக்கற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடிச்சது: ரோட்டண்டோன்னு ஒரு பொருள். நம்ம மிளகுக்கு மணம் கொடுக்கறதும் அதேதான். சிவப்பு ஒயின்ல லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தா மூக்கு பிடிச்சிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 லட்சம் லிட்டர் பிடிக்கிற நீச்சல் குளம் நிறைய ஒயின் ஊத்தினா, 40 மில்லிகிராம் போதும்! திராட்சைத் தோலில்தான் இது சேரும். குளிர்ச்சியான வருஷத்துல, நிழலடிக்கிற குலையில அதிகம். வெயில் ஏறினா குறையும்.

இன்னொண்ணு. இந்தப் பொருள் முதல்ல கிடைச்சது 1960கள்ல, கோரைக்கிழங்கில். தாவரவியல் பேர் சைப்ரஸ் ரோட்டண்டஸ், அதுல இருந்துதான் ரோட்டண்டோன். பாட்டி குளியல் பொடிக்கு அரைக்கக் கொடுப்பாங்களே, அதே கிழங்கு!

அந்த ஆராய்ச்சியில் மோந்து பார்த்தவங்கள்ல சுமார் 20 சதவீதம் பேருக்கு இது தெரியவே இல்லை. வெறும் தண்ணியில 4000 நானோகிராம் வரைக்கும் போட்டும் தெரியலை. இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. 2021ல் கொரோனா வந்து எனக்கு வாசனை சுத்தமா போயிருந்தது. நாலு மாசம். திரும்ப வந்தப்பவும் காபியில் டயர் எரியற நாத்தம். போன்ல அம்மா, "கண்ணா, மிளகு ரசம் வச்சுக் குடி, சரியாயிடும்"பாங்க. குடிப்பேன். தொண்டையில காரம் இறங்கும், மணம் மட்டும் வராது.

போன ஜூலையில் ரூம்மேட்டும் நானும் ஒரு கான்பரா ஷிராஸைத் திறந்தோம். வெளியே மைனஸ் மூணு. கிளாஸை மூக்குகிட்ட கொண்டுபோக நான் கொஞ்சம் தயங்கினேன்னே சொல்லணும். வந்துச்சுங்க. அம்மியில தட்டின மிளகு, அப்படியே. "டேய் மச்சான், ரசம்டா"ன்னு கத்திட்டேன். அவன் மோந்து மோந்து பார்த்துட்டு, "திராட்சைதான்டா வருது"ன்னான். சமையலறை மிளகு டப்பாவைத் திறந்து நீட்டினேன். தும்மினான், அவ்வளவுதான். அந்த 20 சதவீதத்துல ஒருத்தனோ என்னவோ, பாவம்.

நியூசிலாந்துக் கதையையும் சொல்லிடறேன். அங்கே ஒரு அரசு ஆராய்ச்சி நிலையத்துல அழிக்கப் போன சிராக் கொடிகளை 1980களின் ஆரம்பத்துல காப்பாத்திக் கொண்டுவந்து ஹாக்ஸ் பே பகுதியில் நட்டார் ஆலன் லிம்மர். இவரும் வேதியியல் ஆள்தான். நட்ட இடம் வெறும் கூழாங்கல். 1867 வெள்ளத்துல ஙருரோரோ ஆறு திசை மாறிப் போனப்போ விட்டுட்டுப் போன படுகை (ங-வில ஆரம்பிக்கிற ஊர்ப்பேரை இங்கதான் முதல்ல பார்க்கிறேன்). ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லைன்னு ஒதுக்கின நிலம். ஆனா பகல் வெயிலைக் கல்லு பிடிச்சு வச்சுக்கும், குளிர் நாட்டுல அது போதும். அந்தக் கல்லை அள்ள ஜல்லிக் கம்பெனி வந்தப்போ, லிம்மரும் கூட்டாளிகளும் வருஷக்கணக்கா வழக்காடி நிறுத்தினாங்க. ஜிம்ப்லெட் கிராவல்ஸ்னு இப்போ உலகத்துக்கே தெரியும். சுமார் 800 ஹெக்டேர்.

கான்பராக்காரங்களுக்கு வந்த சோதனைக்கு வழக்கு போடவும் ஆள் கிடையாது. 2020 கோடையில் காட்டுத்தீப் புகை வாரக்கணக்கா ஊரை மூடி, திராட்சைத் தோல்ல இறங்கிடுச்சு. அந்த வருஷம் குளோனகில்லா தன் தோட்டத்துப் பழத்துல ஒயினே போடலை. அக்கம்பக்கத்துலயும் பலபேர் அப்படியே விட்டுட்டாங்க. நாங்க குடிச்சது 2021. அந்தக் கோடை குளிர்ச்சியா இருந்துச்சாம். பாட்டில்ல இன்னும் கால்வாசி இருக்கு, ரூம்மேட் தொடமாட்டேங்கறான்.