தலை ஆடி

ஜூன் 20, 2024, வியாழன்

வைகாசியில் கல்யாணமாகி ஓமலூருக்கு வந்தபோது, காலை ஏழரை மணிக்குள் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பகலில் அத்தையோடு வீட்டு வேலை பார்த்து, மாலையில் சரபங்கா ஆற்றுப் பக்கம் சிறிது நடந்துவிட்டு வருவதென்று நித்திய வாழ்க்கை ஒன்றை மனத்துக்குள் வகுத்து வைத்திருந்தேன். கருப்பூர்ப் பக்கத்தில் அவர் உத்தியோகம் பார்க்கும் கம்பெனியிலிருந்து ஒரு நாள் மத்தியானமே வீடு திரும்பி, "சேத்து வெச்ச லீவெல்லாம் இப்பவே எடுத்துக்கச் சொல்லிட்டாங்க" என்று அவர் சொன்னதோடு அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. அன்று முதல் பிரயாணந்தான். எந்த நாள் எந்த ஊர் என்பதே குழம்பத் தொடங்கிவிட்டபடியால், கல்லூரியில் தமிழ் படித்த காலத்தில் வாங்கி எழுதாமல் விட்டிருந்த நோட்டை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன்.

இன்று தாரமங்கலம். கெட்டி முதலிமார் 17-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த கைலாசநாதர் கோயில், மேற்குப் பார்த்த சந்நிதியும் யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேரைப்போல் அமைந்த கோபுரமுமாக, வெயில் ஏறிய வேளையிலும் உள்ளே குளிர்ந்து கிடந்தது. கல் சிங்கத்தின் வாய்க்குள் விரலை விட்டு அங்கே கிடக்கும் கல் உருண்டையை உருட்டினேன். உருளுகிறது, பல்லைத் தாண்டி வெளியே வருவதில்லை. அதைவிட அந்த வாலி, ராமன் தூண்கள்தாம் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தன. வாலி இருக்கும் தூணருகே நின்றால் ராமனைக் காண முடியாது. ராமன் வில்லோடு நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி நன்றாகத் தெரிவான். சிற்பி எத்தனை முறை அங்குமிங்கும் நடந்து பார்த்திருப்பான்! அவர் ராமன் பக்கம் போய் நின்றுகொண்டு, "இங்கிருந்து நீ நல்லாத் தெரியற" என்றார். "எனக்கு நீங்க தெரியலீங்களே" என்றேன். சிறிது நேரம் பதில் வரவில்லை. பிறகு தூணைச் சுற்றிக்கொண்டு வந்து, போகலாமா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல்.

ஜூன் 23

மழை. எங்கும் போகவில்லை. பகலெல்லாம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஜூன் 27, வியாழன்

ஏற்காடு. அஸ்தம்பட்டி வழியாக ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போக வேண்டுமென்று சிறு வயதிலிருந்து எனக்கொரு ஆசை. ஒவ்வொரு வளைவிலும் அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, நான் மறு எண்ணைச் சொல்ல, குளிர் காற்று காதில் அடிக்க, இவ்வளவு சந்தோஷமாக இருப்பதற்கு மனிதருக்குப் பாத்தியதை உண்டா என்றுகூடத் தோன்றிற்று. ஏரியில் படகுக்கு நிற்கவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சீமாட்டி இருக்கை என்று சொல்லும் அந்தப் பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் சேலம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கிறது. அதோ கஞ்சமலை, அதன் அடிவாரத்தில் இரும்பாலை, இந்தப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் கரடுகள் என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தவரிடம், "அப்ப கருப்பூர் எங்கீங்க இருக்குது? உங்க கம்பெனி தெரியுமா?" என்று ஆவலோடு கேட்டேன். மேகம் மறைக்கிறது என்றார். எனக்கென்னவோ அந்தத் திசையில் வெயில் அடிப்பதாகத்தான் பட்டது.

ஜூலை 3, புதன்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் நான் கண்டதை நானே நாளைக்கு இல்லையென்று சொல்லிவிடுவேன் என்ற பயத்தால் எழுதுகிறேன்.

மேச்சேரி பத்ரகாளி கோயிலுக்குப் போகும் உத்தேசத்தோடு அதிகாலையில் புறப்பட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரில் டீ குடிக்க நின்றோம். அவர் வேலைக்குப் போகும்போது ஏறுகிற அந்த வெள்ளை நிறக் கம்பெனி வண்டி அப்போது வந்து நின்றது. நீலச் சட்டை போட்டவர்கள் வரிசையாக ஏறினார்கள். இவர் கையிலிருந்த டீ டம்ளரோடு மெதுவாகத் திரும்பி, கடையின் உட்புறத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த பன்னையும் முறுக்கையும் முன்பின் கண்டறியாதவரைப்போல் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியிலிருந்து ஒரு பையன் தலையை நீட்டி, "அண்ணா!" என்று கூப்பிட்டான். இவருக்குக் கேட்டது, பிடரி அசைந்ததை நான் பார்த்தேன். திரும்பவில்லை. வண்டி போய்விட்டது. அந்தப் பையன் என்னைப் பார்த்துக் கை காட்டினான், நானும் காட்டினேன்.

மேச்சேரியில் அம்மனிடம் என்ன கேட்டுக்கொண்டேன் என்பது ஞாபகம் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

குடும்பத்தோடு பண்ணவாடி. கொளத்தூரிலிருந்து அப்பா, அம்மா, அப்பாயி மூவரும் ஆட்டோவில் வந்தார்கள். நாங்கள் அத்தையை முதல் நாளே பஸ்ஸில் அனுப்பிவிட்டு வண்டியில் போனோம். இந்த வருஷம் மேட்டூர் அணையில் நீர் இல்லாமையால் ஜூன் 12-ஆம் தேதிக்குரிய திறப்பே நடக்கவில்லை. 120 அடி அணையில் நாற்பது அடியளவுதான் கிடக்கிறது. ஆகையால், அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயிலின் பெரிய நந்தி, வெடித்த சேற்று மண்ணின் நடுவில் அடி முதல் முடி வரை வெளியே நிற்கிறது. அப்பால் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம். நீர் வடிந்த வண்டலில் யார் யாரோ சோளமும் எள்ளும் விதைத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்தால் போகும் என்று தெரிந்தே விதைக்கும் அந்தத் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன்.

அப்பாயியின் அம்மா பிறந்து வாழ்ந்த ஊரும் இந்த நீருக்கு அடியில்தான் இருக்கிறது. அப்பாயி பிறந்ததென்னவோ ஊர் மூழ்கிய பிறகு. ஆனாலும் தன் வீட்டுத் திண்ணையைக் காட்டுவதுபோல், "அங்கதான், அந்த மேட்டுக்கு இந்தாண்ட" என்று கையை நீட்டினாள். நந்தியின் முன்னங்காலைத் தடவி, ஒட்டியிருந்த காய்ந்த பாசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அத்தையும் அம்மாவும் கட்டுச்சோற்றை விரித்தார்கள். பரிசல்காரர் ஒருவரிடம் அப்போதே பிடித்த கெளுத்தி மீன் வாங்கினோம்.

அப்பாவும் அவரும் முன்னால் நடந்தார்கள். "இத்தனை நாளு லீவு குடுக்கறாங்கன்னா நல்ல கம்பெனிதானுங்க மாப்ள" என்று அப்பா சொன்னது பின்னால் வந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பாவின் மனத்தில் கபடம் கிடையாது; அவர் மெய்யாகவே மெச்சித்தான் சொன்னார். இவர் குனிந்து மண்ணிலிருந்து ஒரு சிப்பியைப் பெயர்த்தெடுத்து, அதைச் சட்டையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மாமா" என்றார். அந்தச் சிப்பியை எனக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 17, புதன். ஆடி 1

தலை ஆடிக்கு அழைத்து வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் தேங்காய் சுடுவது வழக்கம். பாரத யுத்தம் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்ததென்றும், தர்மம் ஜெயிக்க வேண்டுமென்று வேண்டிச் சுட்டதென்றும் சொல்வார்கள். நாரை உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்து, அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் பாசிப்பருப்பும் வெல்லமும் திணித்து, நுனி சீவிய அழிஞ்சிக் குச்சியை அந்தக் கண்ணில் அடித்து இறுக்கி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் வாட்ட வேண்டும். வெல்லம் அவர் கொண்டுவந்தது, காமலாபுரம் வெல்லம். தெருப் பிள்ளைகளோடு பிள்ளையாக அவரும் குந்தி உட்கார்ந்து குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஓடு படீரென்று வெடித்தபோது அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது, கல்யாணமே நேற்றுத்தான் ஆனதுபோல் இருக்கையில்.

நாளை அவர் மட்டும் திரும்புவார். ஆடியில் கூடி இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அக்கினி வெயில் தாய்க்கும் சிசுவுக்கும் ஆகாது என்று பெரியவர்கள் வகுத்தது. அதில் எனக்கு விரோதம் இல்லை. புதுச் சட்டையும் வேட்டியும் அப்பா கொடுத்தபோது, "இப்ப எதுக்குங்க மாமா இதெல்லாம்" என்று அவர் பின்வாங்கியதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 22

இன்று காரணமில்லாமல் சந்தோஷம். அம்மா கொள்ளுப்பருப்புக் கடைந்தாள்.

ஜூலை 26, வெள்ளி

லீவு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார். பகல் பதினோரு மணிக்குப் போன் பேசினேன். "வேலையில இருக்கேன் கண்ணு, சாயங்காலம் பேசறேன்" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் "தாரமங்கலம், ஜலகண்டாபுரம், எடப்பாடி" என்று கண்டக்டர் கூவியது கேட்டது.

எனக்கு வந்த கோபத்தை எந்த வார்த்தையிலும் அடக்க முடியவில்லை. வேலை போனதல்ல இந்தக் கோபத்துக்குக் காரணம். வேலை எல்லோருக்கும் போகும், வரும். வெயிலில் பஸ் நிலையத்துச் சிமெண்டுத் திண்ணையில், அத்தை கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆவதற்காக ஒரு மனிதர் காத்திருப்பதும், அதை நான் அறியாதவளாக இங்கே மாமரத்தடியில் உட்கார்ந்து வேளைக்கு வேளை ஆகாரம் கொள்வதும் என்ன தாம்பத்தியம்? மறுபடி கூப்பிட்டுக் கேட்டுவிடலாமென்று போனைக் கையிலெடுத்தேன். வைத்துவிட்டேன்.

அணைக்கு நீர் பெருகி வருகிறது. நந்தி மூழ்கிவிட்டது என்று அப்பா வந்து சொன்னார். அந்த எள்ளும் போயிற்று.

ஜூலை 31, புதன்

நேற்று மாலை ஆறு மணிக்கு அணை 120 அடியை எட்டிவிட்டது. 1934-இல் கட்டி முடித்த நாளிலிருந்து இது 43-ஆம் முறை என்கிறார்கள். இம்மாத நடுவில்கூட நாற்பதுகளில் கிடந்த நீர், கர்நாடகத்து மழையால் இரண்டே வாரத்தில் எழும்பி நிறைந்திருக்கிறது. உபரி நீர் பதினாறு கண் மதகின் வழியே வெளுத்துப் பாய்வதை அப்பா எங்களைக் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து காட்டினார். இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.

இரவு அப்பாயிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன் தகப்பனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஊர் மூழ்கப் போகிறதென்று சர்க்கார் கொடுத்த நஷ்டஈட்டுப் பணம் முழுவதையும் பழைய கடனுக்குக் கட்டிவிட்டு, புது ஊரில் வீடு கட்டக் காசில்லை என்பதை மனைவியிடம் கடைசி வரையில் அவர் பிரஸ்தாபிக்கவே இல்லையாம். அந்தச் சில மாதங்கள் மட்டும், எந்நாளும் இல்லாத வழக்கமாக, வாரத்துக்கொரு முறை வண்டி கட்டி அவளை ஏற்றிக்கொண்டு மேச்சேரிக்கும் பவானி கூடுதுறைக்கும் போய் வந்தாராம்.

"அப்புறம் தெரிஞ்சப்போ சண்டை போடலயா அப்பாயி?"

"போட்டிருப்பா. எனக்கு அத ஒரு நாளும் சொன்னதில்ல. வண்டியில போனத மட்டுந்தான் சொல்லுவா. பவானியில ஒரு பொரி உருண்டை வாங்கிக் குடுத்தாராமா, அதச் சாவற வரைக்கும் சொன்னா."

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

ஆற்றில் வெள்ளம் பெரிதாகப் போவதால் வேண்டாமென்று அம்மா சொல்லிவிட, கிணற்றடியிலேயே குளித்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து, புதுச் சரடு மாற்றிக்கொண்டேன். பத்து மணிக்கு அவர் வந்தார். அப்பா கொடுத்த அதே வேட்டி சட்டை. இளைத்திருக்கிறார்.

மத்தியானம் பண்ணவாடித் துறை வரையில் நடந்தோம். நாங்கள் கட்டுச்சோறு தின்ற இடத்துக்கு மேலே விசைப்படகு நாகமரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நந்தி எந்த இடத்தில் இருக்கிறதென்று அவர் கேட்டார். நான் காட்டினேன், சரியாகத்தான் காட்டினேனா தெரியாது. இளநீர்க் காயை வண்டிப் பெட்டியில் வைக்கத் திறந்தபோது, அவருடைய படிப்புச் சான்றிதழ்கள் இருக்கும் நீலக் கோப்பைக் கண்டேன். அதன் மேல் ஒரு சீப்பு, ஒரு பேனா. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் காயை ஓரமாகச் சாய்த்து வைத்து மூடினேன்.

"வியாழக்கெழம ஓசூர் வரைக்கும் போறேன்" என்றார்.

"கம்பெனி வேலையாங்களா?"

"வேலையாத்தான்."

"நானும் வரட்டுங்களா? நீங்க உள்ள போயிட்டு வர வரைக்கும் நான் வெளியில இருப்பேன்."

வெகு நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாசத்தில் உங்கப்பா விடுவாரா என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இதற்குமேல் அதைப் பற்றி இருவருமே சம்பாஷிக்கவில்லை. படகுக்காரர் ஒரு தடவைக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார் என்பதைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அப்பாவிடம் கேட்டேன். ஓசூரில் நம் சனம் யாராவது இருக்கிறார்களா பார் என்று அம்மாவிடம் சொன்னார். வேறு கேள்வி கேட்கவில்லை. அம்மா, ஆடியில் சேர்ந்து புறப்படுவது ஆகாது என்கிறாள். அப்பாயி, போய்விட்டு வரட்டும் என்கிறாள். தீர்மானமாக ஒன்றும் ஆகவில்லை.

ஓசூருக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் போக வேண்டும். பத்து மணிக்கு அங்கே இருப்பதானால் விடியற்காலையில் ஓமலூரில் பஸ் ஏற வேண்டும். கொளத்தூரிலிருந்து அந்நேரத்துக்குப் போய்ச் சேர வண்டி கிடையாது. நாளை மாலையே புறப்பட்டுப் போய், இரவு அத்தையோடு படுத்துக்கொள்ளலாமென்று இப்போது அம்மாவிடம் சொல்லப் போகிறேன்.