ஆற்றை அளத்தல்

சிவனொளிபாதமலைச் சாரலில் ஊற்றெடுக்கும் களு கங்கை, இரத்தினபுரியைக் கடந்து களுத்துறையிற் கடலோடு கலக்கின்றது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் ஓடைகள் பலவும் வழியில் அதனைச் சேர்கின்றன. கரையில் நிற்பவன் கண்ணுக்குப் புலப்படுவது மேற்பரப்பு மாத்திரமே. ஆறு எவ்வளவு நீரைச் சுமந்து செல்கின்றது என்பதை அது உரைப்பதில்லை.

அதனை அறியும் முறை எளிதானது. ஆற்றின் அகலத்தைப் பல துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதலில் ஆழத்தை அளப்பர். பின்னர் ஓட்டமானியை நீருள் இறக்கி வேகத்தைக் காண்பர். படுக்கையின் உராய்வினால் அடியில் ஓட்டம் தளர்கின்றது. ஆகவே, மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கிலுள்ள வேகத்தையே சராசரியாகக் கொள்வர். ஆழம் மிகுந்தவிடத்துப் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு ஆகிய பங்குகளில் அளந்து சராசரி காண்பர். 2 மீற்றர் அகலமும் 3 மீற்றர் ஆழமும் உடைய துண்டத்தில் நீர் செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் ஓடுமாயின், அதன் பாய்ச்சல் செக்கனுக்கு 3 கன மீற்றர். அதாவது 3,000 லீற்றர். எல்லாத் துண்டங்களினதும் கூட்டுத்தொகையே ஆற்றின் பாய்ச்சலாகும்.

நாள்தோறும் இவ்வாறு அளத்தல் இயலாது. எனவே, வெவ்வேறு நீர்மட்டங்களில் அளந்த பாய்ச்சல்களைக் கொண்டு ஒரு வளைகோடு வரையப்படுகின்றது. அதன்பின், இரத்தினபுரியில் நீர்ப்பாசனத் திணைக்களம் நோக்கிவரும் நீர்மட்டத்தைக் கொண்டே பாய்ச்சலை மதிப்பிடலாம்.

இடர் தோன்றுவதும் இங்கேயே. பெருவெள்ளத்தில் மரங்கள் அடித்துவருகையில் ஓட்டமானியை இறக்குதல் ஆபத்தாகும். மிதவையொன்றை விட்டு, அதன் வேகத்தை ஏறத்தாழ 0.85 ஆற் பெருக்குவதுண்டு. அன்றேல் வளைகோட்டை அளந்தறியாத உயரத்துக்கு ஊகத்தால் நீட்டுவதுண்டு. மாணிக்க அகழ்வும் மணல் அகழ்வும் படுக்கையைக் கிளறுந்தோறும், மலைச்சரிவுகளிலிருந்து கழுவுண்ட மண் படியுந்தோறும், ஆற்றின் குறுக்குவெட்டு மாறுகின்றது. பழைய வளைகோடு பொய்த்துவிடுகின்றது.

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. இவ்விரு அனர்த்தங்களிலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாட்டில் தனித்தனியே 200 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய இரவில் கீழ்நிலத்தாருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை, ஆறு அமைதியாக ஓடிய நாட்களில் ஒருவர் பொறுமையோடு எடுத்த அளவுகளையே நம்பி நிற்கின்றது. எனினும், கணக்குச் சரியாயிருத்தல் மட்டும் போதாது. ஓடைக்கரை லயத்தில் உறங்கும் குடும்பத்துக்கு, அதற்கு விளங்கும் மொழியில், விழித்தெழுந்து மேட்டுக்கு ஏறுவதற்குப் போதிய நேரத்துடன் அவ்வெச்சரிக்கை சென்றடைதல் வேண்டும். அவ்வாறு சென்றடையாதவிடத்து, ஆற்றை அளந்த பணி பாதியிலேயே நின்றுவிடுகின்றது.