பட்டறையும் பள்ளிவாசலும்



2018ஆம் ஆண்டின் தொடக்கத்தை மதுரை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. நாயக்கர் காலத்துக் கல்தூண்கள் வெடித்துச் சிதைந்தன. ஐந்து வாரங்கள் கழித்து, மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் மலையேற வந்திருந்தவர்கள் காய்ந்த புல்வெளியில் சிக்கிக்கொண்டார்கள். அன்றும் அதைத் தொடர்ந்த நாட்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீக்காயம் பட்டவர்களில் பலர் நம் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள்.

குரங்கணியைப் பற்றிப் பேசும்போது விமானப்படையின் ஹெலிகாப்டர்களையே பலரும் நினைவுகூர்கிறார்கள். அவை வருவதற்கு முன்பே மலையேறி ஓடியவர்கள் அடிவாரத்து ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஆவர். அந்தச் சரிவுகளில் வண்டி போகாது. அவர்கள் போர்வைகளைக் கம்புகளில் கட்டி டோலியாக்கி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். போர்வையில் முடிச்சு எங்கே விழ வேண்டும், கம்பு எவ்வளவு கனமாக இருந்தால் முறியாது என்பதெல்லாம் மலைமக்களின் கைகளுக்குத் தெரிந்த கல்வி. காயம்பட்டு வந்தவர்களுக்கு அன்றைய தேவை அனுதாபத்தைவிட அந்த டோலியாகவே இருந்தது.

நெருப்பு அணைந்த பிறகும் கைத்தொழிலின் தேவை தீர்வதில்லை. ஆழ்ந்த தீக்காயம் ஆறும்போது தோல் தடித்துச் சுருங்கி மூட்டுகளை மடக்கிவிடும். அதைத் தடுக்க உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஆடையை நாளொன்றுக்குச் சுமார் 23 மணி நேரம், பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாக அணிவிக்கிறார்கள். அந்த ஆடை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைக்கப்பட வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், தைப்பதற்கு ஒரு தையற்காரர் வேண்டும்.

அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்றை ஆண்டுதோறும் நான் வகுப்பில் நடத்துகிறேன். சிறந்த நற்செயல்கள் எவை என்று அவர்கள் கேட்கிறார்கள். இறைநம்பிக்கையும் இறைவழியில் முயல்வதும் அடிமையை விடுதலை செய்வதும் விடையாக வருகின்றன. அவற்றுக்கு இயலாவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் மீண்டும் கேட்டபோது, தொழில் செய்பவருக்குத் துணைநிற்பதையும், தொழில் தெரியாதவருக்குச் செய்து கொடுப்பதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். இந்த இடத்தில் ஒரு புள்ளியின் கதை உண்டு. அரபியில் 'ஸானிஅ' என்றால் தொழில் செய்பவர்; 'ளாயிஅ' என்றால் நலிந்து கைவிடப்பட்டவர். புள்ளியிடாமல் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஹிஷாம் அவர்களின் அறிவிப்பில் 'நலிந்தவர்' என்று வருவதை இமாம் ஸுஹ்ரி அவர்கள் எழுத்துப் பிழை என்றார்கள். தொழில் செய்பவர் என்பதே சரி என்பது அவர்களின் கூற்று. மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனனம் செய்வார்கள். இரண்டு சொல்லும் ஒரே மனிதரைக் குறிக்கக்கூடும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டது வேறோர் இடத்தில்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோடையில், நகருக்குக் கிழக்கே வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் தீப்பிடித்தது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் காடு என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். நீர் வற்றிய கண்மாய்க்குள் அதுவும் கோரையும் சருகுமாகச் சேர்ந்து கிடக்கும். நண்பகல் காற்றில் ஒரு பொறி போதும். கரையை ஒட்டியிருந்த ஏழு வீடுகளின் கூரைகள் எரிந்தன. உயிரிழப்பு இல்லை, அல்ஹம்து லில்லாஹ். ஏழில் மூன்று நம் மக்களின் வீடுகள். நான்கு இந்துக் குடும்பங்களுடையவை.

வீடிழந்தவர்களில் ஒருவர் என் மாணவனின் தந்தை. முன்பு புதுமண்டபத்தில் தையல் வேலை பார்த்தவர். சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ளும் பக்தர்கள் அணியும் உடைகளைப் புதுமண்டபத்தில் தலைமுறைகளாக முஸ்லிம் தையற்காரர்களும் தைத்து வந்தார்கள் என்பது மதுரைக்காரர்களுக்குப் புதிய செய்தி அன்று. கடைகள் அங்கிருந்து இடம் மாறிய பின் இவர் வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தார். தீயில் அவருடைய இயந்திரத்தின் மரப்பலகையும் தோல்வாரும் சாம்பலாயின. இரும்புத் தலை மட்டும் கறுத்துக் கிடந்தது.

முதல் இரண்டு நாட்களில் அரிசியும் போர்வையும் நிறையவே வந்தன. நம் மஹல்லாக்களில் இதற்கு ஒருபோதும் குறைவிருப்பதில்லை. மூன்றாம் நாள் அந்தத் தையற்காரர் என்னிடம், "ஹஜ்ரத், அரிசி போதும். மெஷினைப் பார்க்க ஆள் இருக்கா?" என்றார்.

இருந்தார்கள். எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சகோதரர், தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர், தச்சு வேலை தெரிந்த இந்து நண்பர் ஒருவர். மதரஸாவின் பக்கத்து அறை பழைய பாய்களும் உடைந்த மேசைகளுமாகப் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, எரிந்த பொருட்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தோம்.

இத்தகைய இடங்களுக்கு இப்போது 'மேக்கர்ஸ்பேஸ்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கருவிகளைப் பொதுவில் வைத்து, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்து, தேவையானதைத் தாமே செய்துகொள்ளும் பட்டறை. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்திலிருந்து பரவிய ஃபேப் லேப் என்னும் திட்டத்தின் தொடக்க கால மையங்களில் ஒன்று 2002ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் அமைந்தது. அங்குள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் டாக்டர் கல்பாக் அவர்கள் 1983 முதலே பிள்ளைகளுக்குச் செய்து கற்கும் கல்வியை அளித்து வந்தார். கொரோனா காலத்தில் மும்பையின் மேக்கர்ஸ் அசைலம் முகக்கவசத் தகட்டின் வடிவமைப்பைப் பிற ஊர்ப் பட்டறைகளுடன் பகிர்ந்துகொண்டது. பல நகரங்களில் அவை செய்து கொடுக்கப்பட்டன. 2020இல் கலிஃபோர்னியா காட்டுத்தீயின் புகை வீடுகளுக்குள் புகுந்தபோதும் அப்படித்தான். நான்கு வடிகட்டிகளைச் சதுரமாக ஒட்டி மேலே ஒரு மின்விசிறியை வைக்கும் எளிய பெட்டியை கோர்சி, ரோசன்தால் என்னும் இருவர் அந்த ஆண்டில் உருவாக்க, அக்கம்பக்கத்தார் கூடி ஒருவருக்கொருவர் செய்து கொடுத்தார்கள்.

எங்கள் அறையில் அவ்வளவு நவீனம் எதுவும் இல்லை. ஒரு பிடிப்பான், இரண்டு சுத்தியல், ஒரு துளைபோடும் இயந்திரம், மண்ணெண்ணெய் டப்பா. ஆனால் அந்தப் பெரியவரிடம் நாங்கள் கற்றவை பல. தீயில் கிடந்த தையல் இயந்திரத்தை உடனே சுழற்றக் கூடாது. உள்ளே எண்ணெய் கரிந்து பசையாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுச் சக்கரத்தைச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். சூடேறி மெதுவாக ஆறிய எஃகு வில்கள் விறைப்பை இழந்துவிடும் என்பதால் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். சூடாக இருந்தபோது தண்ணீர் ஊற்றப்பட்ட வார்ப்பிரும்பில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இரண்டு இயந்திரங்களைத் தட்டினோம். ஒன்று ஒலித்தது, மற்றது ஒலிக்கவில்லை.

பணத்தைப் பற்றிய கேள்வி எழாமல் இருக்குமா? ஜமாஅத் பொருளாளர் கவனமான மனிதர். "ஹஜ்ரத், ஜகாத் பணத்துல துளைபோடுற மெஷின் வாங்கலாமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, விடை எல்லாரும் அறிய வேண்டியது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய கருவிகளை வாங்கத் தேவையானதை ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்பதை இமாம் நவவி அவர்கள் 'அல்-மஜ்மூஃ' நூலில் விரிவாகவே பேசுகிறார்கள்; தையற்காரரும் தச்சரும் அங்கே உதாரணங்களாக வருகிறார்கள். கீரை விற்பவருக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும், மாணிக்க வியாபாரிக்குப் பத்தாயிரம் தேவைப்படலாம் என்கிற அளவுக்கு நுணுக்கமான பேச்சு அது. ஆனால் ஹனஃபி சட்டத்தின்படி, பெறுபவருக்கு அப்பொருள் உடைமையாக வேண்டும். எனவே தையற்காரருக்கே சொந்தமாகும் இயந்திரத்துக்கு ஜகாத் பொருந்தும். எல்லாரும் பயன்படுத்தும் துளைபோடும் இயந்திரத்துக்குப் பொருந்தாது. அதைப் பொதுவான ஸதகாவிலிருந்து வாங்கினோம். நான்கு இந்துக் குடும்பங்களுக்கான செலவும் அதிலிருந்தே சென்றது. பிறசமய அண்டை வீட்டாருக்கு ஸதகா வழங்கத் தடையில்லை. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணிய செய்தியில், அந்த அண்டை வீட்டார் இன்ன சமயத்தவர் என்ற நிபந்தனை எதுவும் இல்லையே.

ஓதுகிற இடத்தில் சுத்தியல் சத்தமா என்று கேட்டவர்களும் உண்டு. தாவூத் (அலை) அவர்களுக்குப் போர்க்கவசம் செய்யும் தொழிலைக் கற்றுக்கொடுத்ததாக அல்லாஹ் குர்ஆனில் கூறுகிறான். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இவற்றைப் பாடமாக நடத்திவிட்டு, சுத்தியலை மட்டும் வெளியே நிறுத்துவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை. இருந்தாலும் தொழுகை நேரத்தில் வேலை நிறுத்தப்பட வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை சரியானது. அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, மஃரிப் பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே முடித்துக்கொள்கிறோம்.

எரிந்த வீடுகளில் ஒன்று தள்ளுவண்டியில் இட்லி விற்கும் மூதாட்டியுடையது. வண்டியின் மரமெல்லாம் போய், இரும்புச் சட்டமும் அச்சும் மிஞ்சியிருந்தன. புதிய வண்டி வாங்கித் தருவதாக வெளியூரிலிருந்து ஒருவர் முன்வந்தார். அந்த அம்மாள் மறுத்துவிட்டார்கள். தம் உயரத்துக்கு அமைந்த வண்டி அது. புதியதில் அடுப்பு எட்டாது என்றார்கள். பட்டறைக்காரர் சட்டத்தை நிமிர்த்தி ஒட்டவைத்தார். நண்பர் பலகை அடித்தார். என் மாணவர்கள் நால்வர் உப்புத்தாள் தேய்த்து வர்ணம் பூசினார்கள். பத்தாம் நாள் வண்டியைப் பார்க்க வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எம்புட்டு ஆச்சு பாய்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை இட்லி நான் தாறேன், வேணாம்னு சொல்லக்கூடாது" என்றார்கள். கொடுப்பவராக நிற்கும் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்க நமக்கு என்ன தகுதி? சரி என்றேன். சில வாரங்கள் அந்த இட்லி வந்தது. பையன்கள் சட்னிக்குச் சண்டையிட்டார்கள்.

தையற்காரரின் இயந்திரம் தைக்கத் தொடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய மகன் இப்போது ஹிஃப்ள் வகுப்பு முடிந்ததும் அந்த அறைக்குத்தான் ஓடுகிறான். பாடத்தைவிட அங்கே அவனுக்கு ஆர்வம் அதிகம் என்று தந்தைக்குச் சிறிது கவலை. எனக்கு அவ்வளவாக இல்லை, ஏனெனில் அவன் ஓதுவதும் குறையவில்லை.

விரிசல் விட்ட இரண்டாவது இயந்திரம் இன்னும் அறையின் மூலையில் இருக்கிறது. கணவரை இழந்த ஒரு சகோதரிக்குச் சொந்தமானது அது. தலைப்பகுதியை மாற்றாமல் அது ஓடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். காலால் மிதிக்கும் பழைய மாதிரி உஷா இயந்திரத்தின் தலை எவர் வீட்டுப் பரணிலாவது சும்மா கிடந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டுவாருங்கள்.