பூட்டிய வீட்டில் நாய்

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து நாம் கோவில் வாசலில் நின்று மக்களை நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். அப்போது காட்டேரிக்குப்பத்து இளந் தம்பதியர் இருவர் தயங்கித் தயங்கி நம்மை அணுகினர். கணவர் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையிலும், மனைவி சேதராப்பட்டில் மற்றொன்றிலும் வேலை செய்கின்றனர். பிள்ளைகள் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கின்றனர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிச் சென்றால், மாலை ஏழுக்கு முன் இருவரும் வீடு திரும்புவதில்லை. வீட்டில் இருப்பது நான்கு வயது நாய் ஒன்றே.

"சாமி, நாங்க கிளம்பினதும் அது ஊளையிட ஆரம்பிச்சிடுதாம். பக்கத்து வீட்டு ஆயா தினமும் சண்டைக்கு வர்றாங்க. ஒரு நாயை எவ்வளவு நேரந்தான் தனியா விடலாம் சாமி?" என்று அப்பெண் கேட்டார்.

ஞானக் காரியமாக ஏதேனும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்த நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோறும் தண்ணீரும் வைத்துவிட்டால் அதற்கு என்னம்மா குறை? பகலெல்லாம் படுத்துறங்கும் ஜீவன்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த விடையை நாம் சிறிதும் சிந்தித்துச் சொல்லவில்லை என்பதை வாசக அன்பர்களிடம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

நம் பங்கு இல்லத்திலும் ஒரு நாய் உண்டு. ராஜா என்று பெயர். செவலை நிறம், நாட்டு வகை, அப்போது வயது ஆறு இருக்கும். நமக்கு முன்பிருந்த பங்குத்தந்தை விட்டுச் சென்ற சொத்துகளுள் அதுவும் ஒன்று. நாம் வெளியே செல்லும்போது அது கோவில் வளாகத்தில் தன் விருப்பம்போல் திரியும். பள்ளிப் பிள்ளைகள் எறியும் பிஸ்கட்டுகளைத் தின்னும். பிற்பகலில் வேப்பமரத்தடியில் உறங்கும். ஆகவே தனிமை என்னும் சொல்லை அதனோடு சேர்த்து நாம் ஒருபோதும் எண்ணியதில்லை.

அம்மாதம் 30-ஆம் நாள், சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்குகிறது என்று இரண்டு நாட்களாகவே எச்சரிக்கை விடுத்திருந்தனர். சமையற்காரர் தம் வீட்டுக் கூரையைக் காக்க ஊருக்குச் சென்றுவிட்டார். காலை பத்து மணியளவில், புதுவையில் மருத்துவமனை ஒன்றில் இருந்த நம் பங்கு முதியவர் ஒருவரின் நிலை மோசமாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. நோயில்பூசுதல் கொடுக்க வேண்டும், தாமதிக்க இயலாது. மழையும் காற்றும் தொடங்கிவிட்டிருந்தமையால், வெளியே விட்டால் நாய் நனையுமே என்று இரக்கப்பட்டு, ராஜாவை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினோம். ஒரு தட்டில் சோறு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். நண்பகலுக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. சாவி நம் சட்டைப் பையில்.

ஊசுட்டேரியைக் கடக்கும்போதே வண்டி காற்றில் தள்ளாடியது. முதியவருக்குத் திருவருட்சாதனம் வழங்கி முடித்தபோது சாலைகளில் முழங்கால் அளவு நீர். இதோ விடும், இதோ விடும் என்று பார்த்திருந்தோம், மழை விடவில்லை. இரவில் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுவையில் பெய்த மழை 48 சென்டிமீட்டருக்கு மேல். மின்சாரம் இல்லை. மறுநாள் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்க வேண்டியதாயிற்று என்றால் அவ்விரவின் நிலையை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நாம் குருவானவர் ஒருவரின் இல்லத்தில் தங்கினோம்.

இங்கே நம்மை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சனி மாலை வரை நம் கைப்பேசி இயங்கிற்று. நம் உபதேசியாரோடு இருமுறை பேசினோம். மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நாம் வர இயலாவிட்டால் இறைவார்த்தை வழிபாட்டை நடத்துமாறு சொன்னோம். கோவிலுக்குள் ஒழுகும் இடத்தில் அண்டாவை வைக்கச் சொன்னோம். பீடத் துணிகளை உயரே எடுத்து வைக்கச் சொன்னோம். பூட்டை உடைத்து நாயை வெளியே விடும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தோம் என்றும் சொல்ல முடியாது, நினைவு வந்தது. நாய்தானே, ஓர் இரவு தாங்கும் என்று இருந்துவிட்டோம்.

ஞாயிறு காலை வண்டி இயங்க மறுத்தது. பாதி வழி ஒருவருடைய டிராக்டரிலும், மீதி வழி நடந்துமாக நாம் வீடு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மொத்தம் 29 மணி நேரம்.

வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவரும் ராஜா அன்று வரவில்லை. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது, கதவின் உட்புறம் கீழ்ப்பகுதி முழுவதும் நகத்தால் பிறாண்டப்பட்டுச் சிராய்கள் பெயர்ந்திருந்ததே. சில கீறல்களில் இரத்தக் கறை. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சோறு வைத்தபடியே இருந்தது. பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்த மூலையில் அது சிறுநீர் கழித்திருந்தது. நாயோ அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. அழைத்தோம், வாலின் நுனி மட்டும் அசைந்தது. தவறு செய்தவன் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நம்மைப் பார்க்க மறுத்தது. நாம் தரையில் அமர்ந்து நெடுநேரம் அழைத்த பிறகே நகர்ந்து வந்தது. வந்ததும் ஒரு சட்டித் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தது.

நகங்கள் இரண்டு பிளந்திருந்தமையால், சாலைகள் சீரானதும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். குரும்பாபேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளைஞர். மருந்திட்டுக்கொண்டே அவர் நடந்ததையெல்லாம் கேட்டார். அந்த மூலையை நாய் வேண்டுமென்றே அசுத்தம் செய்யவில்லை, அடக்க முடிந்தவரை அடக்கியிருக்கும் என்றார். அது தலையைத் தாழ்த்தியது குற்ற உணர்வால் அன்று, அச்சத்தால் என்றும் சொன்னார். தம்பதியரிடம் நாம் சிரித்துச் சொன்ன விடை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் கேட்ட அதே கேள்வியை அவரிடம் கேட்டோம்.

அவர் சொன்னதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம். வளர்ந்த, நலமான நாய் ஒன்று ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை சிறுநீரை அடக்கக் கூடும். ஆனால் அடக்கக் கூடும் என்பது வேறு, அடக்க வைக்கலாம் என்பது வேறு. இங்கிலாந்து நாட்டின் விலங்கு நல அமைப்புகள் பொதுவாகப் பகலில் நான்கு மணி நேரத்தையே எல்லையாகச் சொல்கின்றன. சுவீடன் நாட்டில், பகலில் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் நாயை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று விதியே உண்டு. குட்டிகளுக்கும், வயது முதிர்ந்தவற்றுக்கும், நோயுற்றவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு இன்னும் குறைவு.

நாய் பகலில் பெரும்பகுதி உறங்குகிறது என்று நாம் சொன்னது பொய்யன்று. ஆனால் வீட்டில் ஆள் இருக்கையில் உறங்குவதும், யாரும் இல்லாத வீட்டில் கதவைப் பார்த்தவாறு படுத்திருப்பதும் ஒன்றல்லவாம். பிரிவைத் தாங்காத நாய்கள் பெரும்பாலும் ஆள் போன முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே கலங்கத் தொடங்கிவிடுகின்றன: ஊளை, பிறாண்டுதல், வாயில் நீர் ஒழுகுதல், கண்டதைக் கடித்தல். பக்கத்து வீட்டு ஆயாவின் புகார் நூற்றுக்கு நூறு சரி.

2011-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த தெரேசே ரேன், லிண்டா கீலிங் என்ற இரு ஆய்வாளர்கள் 12 வீட்டு நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் எனத் தனியே விட்டுப் பார்த்தனர். தனிமையால் தொல்லை எதுவும் காட்டியிராத நாய்கள் அவை. அரை மணியில் திரும்பியபோது காட்டியதைவிட, இரண்டு மணிக்குப் பின் திரும்பியபோது அவை உரியவரை மிகுந்த ஆரவாரத்தோடு வரவேற்றன. இரண்டுக்கும் நான்குக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. குருமடத்தில் தத்துவம் பயின்ற காலத்தில், விலங்குகள் இயந்திரங்களை ஒத்தவை என்ற தெக்கார்த்தின் கருத்தையும், அவற்றுக்கு உணர்வும் நினைவும் உண்டு என்ற அக்குவினா தோமாவின் கருத்தையும் தேர்வுக்காக மனனம் செய்தோம். பரிசோதித்துப் பார்க்க வாசலிலேயே ஒன்று படுத்திருந்தது, நமக்குத் தோன்றவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ராஜாவைப் போல் 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீராவது தேவை. கோடையில் அதற்கு மேல். நம்மைப் போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர்ச்சி பெற அதனால் இயலாது. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் தகரக் கூரையின் கீழோ, மொட்டை மாடியிலோ கட்டிவிட்டுப் போவோர் நம் சுற்றுப்புறத்தில் இல்லாமல் இல்லை. கவிழ்ந்துவிடும் கிண்ணம் ஒன்றை மட்டும் வைத்தவர் என்ற முறையில், அவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இல்லை. இப்போது கனத்த மண்சட்டிகள் இரண்டு வைக்கிறோம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலும் இல்லை. மாநிலங்களவையில் ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் பிறந்தது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை நியாயமான அளவு நடமாட விடாதிருப்பதும், போதிய உணவும் நீரும் தராதிருப்பதும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றங்கள். முதற் குற்றத்திற்கு அது குறித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு நாய்ச் சங்கிலியின் விலைகூட அதைவிட அதிகம்.

முன்பெல்லாம் நம் கிராமங்களில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. நாய் ஒரு வீட்டில் சோறு தின்னும், இன்னொரு வீட்டுத் திண்ணையில் உறங்கும். தெருவே அதன் வீடு. வயலுக்குப் போகிறவர் பின்னாலேயே போய், அவரோடு திரும்பும். விவிலியத்தில் தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோதும் நாய் கூடவே சென்றது. சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்த பிறகு, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வண்டியில் ஏறிச் சென்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலை வந்த பிறகுதான், நாய் வீட்டுக்குள் கைதியானது. அதற்காக அத்தம்பதியரை வேலையை விடச் சொல்ல முடியுமா? கடன் வாங்கிக் கட்டிய வீடு அது.

டிசம்பர் மாத நடுவில் ஒரு மாலை அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். நாம் முன்பு சொன்னது தவறு, பன்னிரண்டு மணி நேரம் மிக அதிகம் என்று கூறி, நம் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னோம். அப்பெண் ராஜாவின் நகத்தைப் பற்றிக் கேட்டார். கணவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாமே எழுந்து பக்கத்து வீட்டு ஆயாவிடம் சென்றோம். அவருடைய மக்கள் வெளியூர்களில் இருக்கின்றனர். பகலில் அவரும் தனியாகவே இருக்கிறார். "அந்தச் சனியன் கத்துறதுல மத்தியானத் தூக்கமே போச்சு சாமி" என்றார். நண்பகலில் ஒருமுறை கதவைத் திறந்துவிட இயலுமா என்று கேட்டதற்கு, "கடிச்சா யாரு பாக்குறது?" என்றார். ஆயினும் சாவியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஞாயிறுகளும் அவர்கள் நாயை அவரோடு பழக்கினர். மருத்துவர் சொன்னபடி, கிளம்பும்போது கொஞ்சிப் பிரியாவிடை பெறுவதை நிறுத்தினர்; விடியற்காலையில் ஏரிக்கரை வரை அரை மணி நடத்திச் சென்றனர். பொங்கலுக்குள் ஊளை ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்போது பதினொரு மணிக்கே ஆயா கதவைத் திறந்துவிடுகிறார். மாலை வரை நாய் அவர் வீட்டு வாசலில்தான். முறுக்குக் கொடுத்துக் கொடுத்து அதைப் பெருக்க வைத்துவிட்டார் என்று அப்பெண் இப்போது நம்மிடம் வேறொரு புகார் சொல்கிறார்.

ராஜாவின் கதை அவ்வளவு எளிதில் முடியவில்லை. நாம் குடையை எடுத்தால் போதும், அது எழுந்து வந்து வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் விட்டுப் பூட்டுவதை அறவே விட்டுவிட்டோம். மறு சாவி ஒன்று உபதேசியார் வீட்டில் தொங்குகிறது. ஆண்டுத் தியானத்திற்குச் சென்ற நாட்களில் அவருடைய மகன் நம் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொண்டான். முதல் இரண்டு நாள் அது சரியாக உண்ணவில்லை என்று சொன்னான்.

குருக்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணி மாற்றம் வரும். நமக்கும் வரும் காலம் நெருங்குகிறது. நமக்கு முன்பிருந்தவர் ராஜாவை இவ்விடத்திலேயே விட்டுச் சென்றார். அந்த நாட்களில் அது என்ன செய்தது என்று நாம் அவரைக் கேட்டதில்லை. போன வாரம்தான் தொலைபேசியில் கேட்டோம். "மூணு நாள் கேட்டுக்கிட்ட போய்ப் படுத்துக்கிச்சுன்னு சமையற்காரர் சொன்னாரு" என்றார். அப்போது நாம் இவ்வில்லத்துக்குப் புதிதாய் வந்து, புத்தகங்களை அடுக்குவதில் மும்முரமாய் இருந்தோம்.