இடையில் நிற்காத இருபது நிமிடம்

ஐம்பது வயதுக்குமேல் ஓடத் தொடங்கும் பெண்ணிடம் எல்லோரும் முழங்காலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் விஷயத்தில் முழங்கால் ஓரளவு சொன்ன பேச்சு கேட்டது. நேரத்தோடுதான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 58 வயது. இரண்டு ஆண்டுகளாகக் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன். ஒரு சுற்று ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் நடப்பவர்கள். ஓடுபவர்கள் குறைவு, சுடிதாரும் ஷூவுமாக ஓடும் என் வயதுப் பெண்கள் இன்னும் குறைவு.

ஆரம்பத்தில் ஒரு நிமிடம் ஓடுவேன், இரண்டு நிமிடம் நடப்பேன். இது யாரோ சோம்பேறி கண்டுபிடித்த வழி அல்ல. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவே நடையைச் சேர்க்கும் இந்த முறையை எழுபதுகளிலிருந்து சொல்லிக்கொடுத்தார். வயதானவர்களுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைநார்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு ஆகும். மூச்சு "இன்னும் போலாம்" என்று சொல்லும்போது குதிகாலுக்குமேல் இருக்கும் தசைநார் "எனக்கு இன்னும் ஆகல" என்கிறது. இந்த வயதில் இரண்டாவது குரலைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் வாரம் மூன்று நாள் மட்டும் ஓட்டம். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்துவிடுவது. வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

நடக்கும் இடைவெளி வாரா வாரம் சுருங்கியது. நாலு மாதம் கழித்து ஒருநாள் ஒரு சுற்றை நிற்காமல் ஓடி முடித்தேன். இருபது நிமிடத்துக்குச் சற்று கூடுதல். வேகமாக நடக்கும் இளைஞர்கள் சிலர் எனக்குச் சமமாகவே வந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என்னை உலுக்கியது வேறு. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில், விழித்திருக்கும் வேளையில் இருபது நிமிடம் ஒரே காரியத்தைத் தடையில்லாமல் செய்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை. குக்கர் விசில், பால்காரர், குழந்தை, பள்ளிக்கூட மணி, மறுபடி குக்கர். படித்த புத்தகமெல்லாம் நாலு நாலு பக்கமாகப் படித்தது. தூக்கம்கூடத் துண்டு துண்டுதான். பெண்ணின் உடம்புக்கு நீண்ட தூரம் ஒத்துவராது என்று சொன்னவர்கள் இந்தத் துண்டுகளைக் கணக்கில் எடுத்தார்களா என்று அப்போது தோன்றியது.

அப்படிச் சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் சுருண்டு விழுந்ததாகச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. அடுத்த ஒலிம்பிக்கிலேயே அந்தப் போட்டியை எடுத்துவிட்டார்கள். 1960 ரோமில்தான் அது திரும்பி வந்தது. இடையில் 32 ஆண்டுகள், ஒலிம்பிக்கில் ஒரு பெண் ஓட முடிந்த தூரம் 200 மீட்டரைத் தாண்டவில்லை. பெண்களுக்கான மாரத்தான் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வந்தது. ஜோன் பெனாய்ட் ஜெயித்தார். நான் அப்போது பள்ளி மாணவி. அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்ததை எங்கள் தெருவே பேசியது. பெண்கள் 42 கிலோமீட்டர் ஓடினார்கள் என்ற செய்தி எங்கள் வீடு வரைக்கும் வரவில்லை.

வீட்டில் என் ஓட்டத்தைப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். என் அத்தை, அதாவது மாமியார். 83 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைகிறது என்பதைப் பாடமாக நான் படித்திருக்கிறேன். அவர் கட்டிலருகே உட்கார்ந்துதான் அதற்கு அர்த்தம் தெரிந்துகொண்டேன். உடல் எடையைத் தாங்கிச் செய்யும் பயிற்சி எலும்புக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதும் நான் ஷூ வாங்கப் போனதற்கு அந்தக் கட்டில்தான் காரணம்.

நான் திரும்பி வந்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "எத்தன சுத்து கண்ணு?" இரண்டு என்றால் தலையை ஆட்டுவார். ஏழு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர். ஒருநாள், மூன்றாவது சுற்றில் எப்போதும் மனசு விட்டுப்போகிறது அத்தை என்றேன். "மலயப் பாத்துட்டு நடந்தா மல கிட்ட வராது. முன்னால போறவங்க குதிகாலப் பாத்துட்டுப் போவோணும்" என்றார். கைக்கடிகாரத்தில் தூரம் பார்ப்பதை அன்றோடு விட்டேன். மூன்று சுற்று ஆனது. போன மார்கழியில் நான்கு; பத்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. இருபது நிமிடம் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அத்தைக்கு ஆறரைக்குத் துணி மாற்றி, முகம் துடைத்து, காபி கொடுக்க வேண்டும். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். "இத்தன வயசுக்கு மேல ஓடி என்ன கப்பு வாங்கப் போற?" என்றார் என் கணவர். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்து அத்தைதான் குரல் கொடுத்தார்: "ஏன்டா, எனக்குக் காப்பி கலக்க உனக்குக் கை இல்லையா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பொறுப்பு. காபியில் சர்க்கரை தூக்கல் என்று அத்தை புகார் சொல்வார், ஆனாலும் குடித்துவிடுவார். முதல் மாதம் துணி மாற்றத் தயங்கிய மகன், இப்போது அம்மாவிடம் பேசிக்கொண்டே செய்கிறார்.

அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். ரேஸ்கோர்ஸில் எட்டரைச் சுற்று. என் வேகத்துக்கு மூன்று மணி நேரம். இரண்டாம் குரல் சம்மதித்தால் அடுத்த ஆண்டு தொடலாம். தினமும் அரை ஸ்பூன் குறையும் அத்தையின் சாப்பாட்டைப் பார்க்கும்போது, அதற்குள் அந்த மூன்று மணி நேரம் கேட்காமலே எனக்குக் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்படிக் கிடைக்க வேண்டாம். கேட்டு வாங்கியே ஓடுகிறேன்.