எஞ்சினுக்கும் இனிஷியல் உண்டு

வண்டி பேரு எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் பேரு? செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போறவங்க முதல்ல கேட்க வேண்டியது அதைத்தான்.

டொயோட்டாவை எடுத்துக்குவோம். 2005-ல் இந்தியாவுக்கு வந்த இன்னோவா டீசலின் எஞ்சின் பேரு 2கேடி-எஃப்டிவி. 'கேடி'ங்கறது குடும்பப் பேரு (போலீஸ் ஸ்டேஷன் போர்டுல இருக்கற கேடி இல்லீங்க :-)). முன்னாடி இருக்கற 2, அந்தக் குடும்பத்துல ரெண்டாவதுன்னு அர்த்தம். பின்னாடி வர்ற எழுத்தெல்லாம் ஜாதகம். எஃப்-னா ரெண்டு கேம்ஷாஃப்ட், மைலேஜை மனசுல வச்சு செஞ்சது. டி-னா டர்போ. வி-னா காமன் ரெயில் டீசல்.

இதுல எல்லாரும் குழம்பறது அந்த நம்பர்லதான். அது எஞ்சின் சைஸ் இல்ல, குடும்பத்துல எத்தனாவதுங்கற கணக்கு மட்டும்தான். 1கேடி 2982 சிசி, 2கேடி 2494 சிசி. இங்க தம்பி சின்னவன். பெட்ரோல்ல ஜேஇசட் குடும்பத்துக்குப் போனா அப்படியே தலைகீழ். 1ஜேஇசட் 2.5 லிட்டர், சுப்ரா கார்ல வந்த 2ஜேஇசட் 3 லிட்டர்!

என் மச்சான் டாக்ஸி ஓட்டப் பழைய இன்னோவா ஒண்ணு பார்க்கப் போனார். புரோக்கர், "சார், ஃபார்ச்சூனர்ல இருக்கற அதே கேடி எஞ்சின்" அப்படின்னு சொல்லி முப்பதாயிரம் கூடக் கேட்டார். குடும்பம் ஒண்ணுதான், மறுக்கல. ஆனா 2009-ல் வந்த ஃபார்ச்சூனர்ல இருந்தது 1கேடி. அதோட சிலிண்டர் விட்டம் 96 மி.மீ., இன்னோவாவுக்கு 92. பிஸ்டனைக்கூட மாத்திப் போட முடியாது. மச்சான் இதைச் சொன்னதும் அந்த முப்பதாயிரம் பேச்சையே காணோம்.

இதுக்கு நேரெதிர் கூத்தும் உண்டு. ஃபியட்டோட 1248 சிசி டீசலுக்கு ஃபியட்காரங்க வச்ச பேரு மல்டிஜெட். அதையே மாருதி டிடிஐஎஸ்னு வித்தாங்க, டாடா குவாட்ராஜெட்னாங்க. டர்போவும் ட்யூனிங்கும் வண்டிக்கு வண்டி மாறும், அடிப்படை ஒண்ணுதான். 'இந்தியாவின் தேசிய எஞ்சின்'னு கிண்டல் பண்ற அளவுக்கு ஊரெல்லாம் ஓடிச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்ப மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க. ஆனா ரோட்டுல இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கே, பார்ட்ஸ் தேடணுமே!

டொயோட்டாவும் இப்ப புது எஞ்சின்களுக்குப் பேர் வைக்கிற முறையை மாத்திட்டாங்க. 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ்ல இருக்கறது எம்20ஏ. இதுல 20-னா நிஜமாவே 2.0 லிட்டர்தான்.

ஆக, ஒரே குடும்பம்னா ஒரே எஞ்சின்னு அர்த்தமில்ல. வேற பேருங்கறதால வேற எஞ்சினும் இல்ல. வண்டி பார்க்கப் போனா ஆர்சி புக்கை வாங்கி எஞ்சின் நம்பரோட ஆரம்பத்தைப் பாருங்க. பழைய இன்னோவா டீசல்னா 2கேடி, ஸ்விஃப்ட் டீசல்னா டி13ஏ. புரோக்கர் என்ன வேணா சொல்லட்டும், இனிஷியல் பொய் சொல்லாது.

உங்க வண்டியோட இனிஷியல் என்னன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.